ஒன்றாம் நம்பர் ட்யூப்

பந்தை ஒழுங்காக ஒருமுறைகூட உதைத்தறியாத மனிதரைக் 'கோச்' என்று கூப்பிட ஒரு தைரியம் வேண்டும். அந்தப் பஞ்சர் கடையில் அந்தத் தைரியம் தாராளமாகவே இருந்தது. கடை கோச்சுடையது. சாலை இரண்டாகப் பிரியும் முனையில், முன்பக்கம் முழுக்கத் திறந்த ஒரே அறை. சுவரோரம் பழைய டயர்கள், மூலையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர், நடுவில் ட்யூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி. தொட்டித் தண்ணீர் என்ன நிறம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மாலையானால் அங்கே கால்பந்துச் சபை கூடிவிடும். ஆளுக்கொரு டயர் ஆசனம். நாளெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தது போதாதென்று டிரைவர் வந்து லாரி டயரில் உட்காருவார். மருந்துக்கடைக்காரருக்குக் கார் டயர். ரிடையரான கணக்கு வாத்தியார் கடைசியில் வந்து சேர்ந்தவர் என்பதால் அவருக்கு ஸ்கூட்டர் டயர் அடுக்கு. கொஞ்சம் அசைந்தாலும் சரிந்துவிடும், அதனால் அவர் மட்டும் எப்போதும் நிதானமாகப் பேசுவார். பேச்சு சூடேறும் நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கும். நால்வரும் திறந்த வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருந்து, அது நின்றதும் விட்ட இடத்திலிருந்து இன்னும் உரக்கத் தொடங்குவார்கள்.

அவர்களுடைய அணியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகமில்லை. போன சீசனில் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படாமல் மயிரிழையில் தப்பியது. தப்பியதும் தான் ஜெயித்து அல்ல, இன்னொருவன் தோற்று. ஆனால் புது சீசனுக்குப் பயிற்சிக் கேம்ப் தொடங்கப் போகிறது என்று காதில் விழுந்தால் போதும், போன வருடத்து அவமானமெல்லாம் போன ஜென்மத்துக் கதையாகிவிடும்.

"இந்த வருஷம் லீக் கப் நமக்குத்தான். எழுதி வெச்சுக்கோங்க. புது ஃபார்வர்டு வந்துட்டான்ல?" என்றார் டிரைவர்.

"வந்தவன் முழங்காலைப் பாத்தியா? முந்தாநாள் என் கடையிலதான் பேண்டேஜ் வாங்கிட்டுப் போனாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சராசரி கணக்குப்படி பார்த்தா…" என்று தொடங்கினார் வாத்தியார்.

"சார், போன வருஷமும் இதே சராசரியைத்தான் சொன்னீங்க. அதுபடி நாம இந்நேரம் கப்போட ஊர்வலம் போயிருக்கணும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் கணக்கு சரிதான். அவனுங்க ஆட்டந்தான் தப்பு."

இவர்கள் வெறுமனே பேசிக் கலைகிறவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கேம்ப்புக்கு முன்னால் வருடா வருடம் 'விசாரணை' என்று ஒன்று நடக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு ட்யூப். அதில் சாக்பீஸால் அவன் ஜெர்ஸி நம்பர். காற்றடித்துத் தொட்டியில் முக்குவார் கோச். குமிழி வராவிட்டால் ஆள் நிரபராதி. குமிழி வந்தால் குற்றவாளி, அந்த சீசன் முழுக்க அவனுக்கு ஒரு பட்டப்பெயர். பெயர் வைக்கும் உரிமை கோச்சுக்கு மட்டும். மருந்துக்கடைக்காரர் அதைப் போனில் படம்பிடித்து ரசிகர் குழுவுக்கு அனுப்புவார். முதல் ஆட்டத்தன்று கேலரி முழுக்க அந்தப் பெயர் கூவும். ஓடத் தெரியாத ஒரு டிஃபென்டருக்கு 'மாட்டு வண்டி' என்று கோச் வைத்த பெயர் அவன் வேறு அணிக்குப் போன பிறகும் அவன் கூடவே போனது, பாவம்.

எந்த ட்யூபில் குமிழி வரும் என்பது கடவுள் சித்தம் அல்ல. நல்ல ட்யூபெல்லாம் இடப்பக்க ஆணியில் தொங்கும், ஓட்டை ட்யூபெல்லாம் வலப்பக்கம். கோச்சின் கை எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் தீர்ப்பு. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. கேட்டால் அப்புறம் என்ன சுவாரஸ்யம்?

கோல்கீப்பர் விஷயத்தில் அந்தக் கை யோசித்ததே இல்லை. ஒன்றாம் நம்பர் என்றால் நேராக வலப்பக்கம். இரண்டு சீசனாக அவனுக்கு 'ஓட்டை' என்று பெயர். பந்து அவன் காலிடுக்கில் புகும்போதெல்லாம் கேலரி "ஓட்டை! ஓட்டை!" என்று அலறும், அந்த அலறலில் கோச்சின் குரல் தனியாகக் கேட்கும்.

இந்த வருடம் விசாரணையன்று காலையில், கோச் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரே மகள். தசைப்பிடிப்பு, மூட்டுவலி என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை. அவள் முகத்தைப் பார்த்தே விஷயம் பெரிது என்று கோச்சுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

"சரி. யாரு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர்தாங்க. வாரா வாரம் கிரவுண்டுக்குப் போய்த் திட்டிட்டு வரீங்களே."

கோச் கையிலிருந்த கடைச்சாவியைக் கீழே வைத்தார். "ரெஃப்ரியா?"

"கோல்கீப்பர்ப்பா."

கோச் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அந்த ஓட்…" என்று வாய்வரை வந்ததை, மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் விழுங்கினார்.

"தோள்பட்டைக்கு எங்க கிளினிக்குக்கு வந்தார். நல்ல மனுஷன்ப்பா. எவ்வளவு வலிச்சாலும் வாயைத் திறக்க மாட்டார்."

"பந்து வந்தா காலை மூட மாட்டான்," என்றார் கோச். பழக்க தோஷம்.

மகள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண்ணும் கலங்கிவிட்டது. "ஊரே அவரை என்ன வேணா சொல்லட்டும். ஆனா இன்னிக்கு சாயங்காலம் உங்க விசாரணை. இன்னிக்கு சாயங்காலம்தான் அவர் நம்ம வீட்டுக்கு வரார், உங்ககிட்ட பேச. ஒரே ஒரு தடவை, இடப்பக்கத்து ட்யூபை எடுங்கப்பா. எனக்காக."

அவள் எதையும் கேட்டுப் பழகாத பெண். பள்ளிக்கூட நாளிலேயே கிழிந்த பையைத் தானே தைத்துக்கொண்டு போனவள். அவள் கேட்டதும் கோச்சுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பெற்ற மனம் அல்லவா! "அழாதே. அப்பா பாத்துக்கறேன்," என்றார். அந்த நிமிடம் அவர் சொன்னது சத்தியம்.

பகலெல்லாம் கழற்றிய சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கோச் புது மாப்பிள்ளையைப் பற்றி யோசித்தார். யோசிக்க யோசிக்க ஆள் நல்லவனாகிக்கொண்டே வந்தான். இரண்டு வருடம் முன்னால் ஒரு பெனால்ட்டியைப் பாய்ந்து தடுத்தானே? அன்றைக்குக் கோச் 'அதிர்ஷ்டம்' என்று சொல்லியிருந்தார். அது திறமைதான் என்று மத்தியானத்துக்குள் தீர்மானமாகிவிட்டது. உயரமும் நல்ல உயரம். சொந்தம் என்று வந்துவிட்டால் ஓட்டைகூடக் காற்றோட்டமாகத் தெரிகிறது, என்ன செய்வது!

சபை கூடியது. மருந்துக்கடைக்காரர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ஃபார்வர்டு நிரபராதி. இரண்டு டிஃபென்டர்கள் குற்றவாளிகள். எல்லாம் முறைப்படி நடந்தது. அடுத்து ஒன்றாம் நம்பர். கோச்சின் கை இடப்பக்கம்கூடப் போகவில்லை. பிரிக்காத பெட்டியிலிருந்து புத்தம்புது ட்யூபை எடுத்து நம்பர் எழுதி, காற்றடித்து, தொட்டியில் முக்கினார். இதைத்தான் அதிகப்பிரசங்கித்தனம் என்பது.

ஒரு குமிழி இல்லை.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே வரலையே?"

"வரலேன்னா நிரபராதி. அடுத்த நம்பர் யாரு?" என்றார் கோச்.

"இரு இரு," என்று எழுந்தார் டிரைவர். "ட்யூப் பளபளங்குது. புதுசு! அட, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கலப்பா இந்த ஆளு!"

"அவன் விட்ட கோலுக்கு வெறும் தண்ணியிலயே குமிழி வரணும்," என்றார் மருந்துக்கடைக்காரர், போனைக் கீழிறக்காமல்.

"யோவ், டிஃபென்ஸ் ஆளுங்க தூங்கினா ஒத்த ஆளு என்னய்யா பண்ணுவான்? அவனும் மனுஷன்தானே? தோள்பட்டை வலியோட ஆடியிருக்கான் தெரியுமா?"

சபை திகைத்துப்போனது. இத்தனை வருடத்தில் அந்தத் தொட்டிக்கு முன்னால் கோல்கீப்பருக்காக யாரும் வாதாடியதில்லை, கோச் உட்பட. டிரைவர் இடுப்பில் கைவைத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன கோச்சு, விட்டா அழுதுடுவ போலிருக்கு. அவனுக்கு உன் பொண்ணைக் குடுத்திருக்கியா?"

சிரிப்பு வெடித்தது. வாத்தியார் சிரித்த வேகத்தில் ஸ்கூட்டர் டயர்கள் சரிந்து அவரும் சேர்ந்து சரிந்தார். போன் கோச்சின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது கோச்சின் நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. ஆனால் அவர் பிறரைச் சிரிக்கவைத்துப் பழகியவர். தம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது உடம்பெல்லாம் சுட்டது. ஆமாம் என்றால் நாளையிலிருந்து அவர் கோச் இல்லை, ஓட்டையின் மாமனார். கேலரி முழுக்க அதையே கூவும். கூவக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே, அவருக்குத் தெரியாதா?

"என் பொண்ணா? அவனுக்கா?" என்றார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "வர்ற பந்தைப் பிடிக்கத் துப்பில்லாதவன் கட்டினவளை எங்கேய்யா காப்பாத்தப் போறான்? அந்த ஓட்டைக்கு வாக்கப்படுறதுக்கு என் பொண்ணு இந்தத் தொட்டியில விழுந்து சாகலாம்!"

சொன்ன கையோடு ஒரு ஆணியை எடுத்துப் புது ட்யூபில் குத்தி முக்கினார். குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு வந்தன. டிரைவர் விசில் அடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெட்கக்கேடு, அந்தக் கைதட்டல் கோச்சுக்கு இனித்தது.

கையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. "அனுப்பிட்டியா?" என்றார்.

"எப்பவோ! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இதுவரைக்கும் நீ பண்ணதுலயே இதுதான்யா உச்சம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அழிச்சிடேன்."

"ஏன்?"

"சும்மாதான்," என்று கோச் கடையை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

வீட்டு வாசலில் பெரிய அளவு ஷூ ஒரு ஜோடி கிடந்தது. உள்ளே, அந்த வீட்டு நாற்காலி போதாத உயரத்தில் கோல்கீப்பர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். நடுவில் இருந்த சின்ன மேசையில் மகளின் போன். அதன் திரையில் கோச் ஆணியை ஓங்கியபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கோல்கீப்பர் எழுந்து, "வணக்கம் அங்கிள்," என்றான்.

"அது வந்து… கடையில சும்மா வேடிக்கைக்கு…"

"பரவாயில்ல அங்கிள். கிரவுண்டுல தினம் கேக்கறதுதான்."

கோச்சுக்குப் போன உயிர் திரும்பியது. பையன் தங்கம்! பகலில் நினைத்ததெல்லாம் சரிதான். "பாத்தியா, மாப்பிள்ளையே பெருசா எடுத்துக்கல," என்று மகள் பக்கம் திரும்பினார்.

"அவரைச் சொன்னதுக்கு எனக்கும் கோவம் இல்லப்பா," என்றாள் மகள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "இன்னிக்கு வரவே பயந்தார். நான்தான் தைரியம் சொன்னேன். எங்கப்பாவுக்கு வாய்தான் நீளம், தன் ஆளுன்னு ஆயிட்டா நாலு பேர் முன்னாடி விட்டுக்கொடுக்க மாட்டார்னு. சரி, அவர் இன்னும் உங்க ஆளு ஆகல. நான்?"

கோச் வாயைத் திறந்தார். கம்ப்ரஸர் எதுவும் ஓடவில்லை, இருந்தும் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கோல்கீப்பர் போய்வருவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினான். மகள் வாசல்வரை கூடப் போனாள். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கோச் தாமாக எடுக்க இரண்டு மூன்று முறை முயன்றார். முயன்றபோதெல்லாம் மகளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

கேம்ப்புக்கு அணி கிளம்புவதற்கு முந்தின நாள், மகள் விடிந்ததும் கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாள். மனைவி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்வருவதாகச் சொன்னாள். கோச் எதுவும் கேட்காமல் கடையைத் திறந்தார்.

அன்று மாலை சபையில் மருந்துக்கடைக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏய், விஷயம் தெரியுமா? நம்ம ஓட்டைக்கு இன்னிக்குக் காலையில ரிஜிஸ்தர் கல்யாணம்! குழுவுல போட்டோ வந்திருக்கு."

"ஐயோ பாவம், யாருய்யா அந்தப் பொண்ணு? காட்டு," என்று டிரைவர் போனைப் பிடுங்கி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்தவர் வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் கண்ணாடியைத் துடைக்க மறந்து பார்த்துவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மூன்று பேரும் கோச்சைப் பார்க்காமல் இருக்க என்னென்னவோ பார்த்தார்கள்.

கடைசியில் டிரைவர்தான் மெல்ல வாயெடுத்தார். "என்ன கோச்சு… பொண்ணு கல்யாணம், எங்களையெல்லாம் கூப்பிடவே இல்லையே?"

"என்னையும்தான்," என்றார் கோச்.