எல்லாரும் சாப்பிட்ட பிறகு

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவள் நான். சோறு கிடைக்காத நாட்களைப் பெரிதாக நினைத்ததில்லை; கிடைத்ததும் தின்றுவிடுவேன். அதனால்தான் ஒரகடத்தில் கம்பெனிப் பெண்கள் விடுதிச் சமையலுக்குச் சேர்ந்தபோது, அங்கே தங்கியிருந்த ஒரு தென்காசிப் பெண்ணைப் பார்த்துத் திகைத்துப்போனேன். குண்டான் நிறையச் சோறு இருக்க, அவள் பட்டினி கிடந்தாள்.

"இன்னா கண்ணு, துன்னலியா?" என்பேன்.

"எல்லாரும் சாப்ட்டாச்சாக்கா?" என்று கேட்பாள்.

மூன்று ஷிப்டுக்கும் ஆள் தங்கும் விடுதி அது. ஒரு வேன் வந்தால் இன்னொரு வேன் கிளம்பும். எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. வீட்டில் அப்பா, அண்ணன்மார் சாப்பிட்ட பிறகே தட்டைத் தொட்டு வளர்ந்தவள், இங்கேயும் காத்துக்கொண்டே இருந்தாள்.

கம்பெனியில் லைனில் வேலை பார்க்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார் சூப்பர்வைசர். ஷேர் ஆட்டோவில் படப்பைக்கு டாக்டரிடம் அழைத்துப்போனேன். இது திமிர் இல்லை, நோய். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியாகும், வாரா வாரம் கூட்டிவா என்றார் அந்த டாக்டரம்மா.

திரும்பும்போது அவளே சொன்னாள்: "சோறு பத்தாத அன்னிக்கு எனக்குப் பசிக்கலைன்னு சொல்லிருவேன். அப்ப மட்டுந்தான் அம்மா தலையத் தடவி நல்ல பிள்ளைன்னு சொல்லுவா. இப்பவும் பசிய அடக்குனா அந்தக் கை தலையில இருக்க மாதிரி இருக்குக்கா."

எத்தனையோ பசி பார்த்தவள் நான். அம்மாவின் கைக்காகப் பசியைப் பொத்திவைத்திருப்பவளை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை இட்லிக் குண்டானை அவள் முன்னால் நகர்த்திவிட்டு, தட்டோடு உட்கார்ந்தேன்.

"எனக்குப் போடு."

நாலு போட்டாள். தின்றேன். இன்னும் இரண்டு வைத்தாள். அதையும் தின்றேன்.

"வயிறா, குண்டானாக்கா?" என்று சிரித்தாள்.

"இப்போ இந்த வூட்ல நாந்தான் எல்லாரும். துன்னாச்சி. நீ துன்னு."

ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தாள். வெகுநேரம் மென்றாள். எத்தனையோ ஊர்த் தேர் பார்த்திருக்கிறேன்; ஒரு வாய் இட்லி தொண்டையில் இறங்குவதை அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

வாசலில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த வேன் ஹாரன் அடித்தது. அவள் கை நின்றது.

"அவங்க இன்னும் சாப்டலையேக்கா."

"வரட்டும். குண்டான் நிறைய கீது."

கதவைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். இன்னொரு விள்ளல் பிட்டாள்.