வெள்ளிக்கிழமை ரேசர்

பேரனின் குளியலறையிலிருந்து ஷேவிங் சோப்பு வாசனை வந்தது. இன்று வெள்ளிக்கிழமை. எனக்கு அப்பாவின் மேல் மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபதுகளில், மாட்டுங்காவில் எங்களுக்கு ஒரே அறை. என் தாடி தேங்காய் நார்போல முரடு. வெள்ளிக்கிழமை முதல் இன்டர்வியூ என்பதால், வியாழன் சாயங்காலம் மாஹிமில் கடை கடையாக ஏறி இறங்கி, கனமான சேஃப்டி ரேசர், பிரஷ், சந்தன சோப்பு எல்லாம் வாங்கினேன். மறுநாள் காலையில் நுரையோடு கண்ணாடிமுன் நின்றபோது அப்பா ரேசரைப் பிடுங்கினார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூஞ்சில கத்தி படப்படாதுடா. ஆத்துக்கு ஆகாது."

"இன்னிக்குத்தாம்ப்பா இன்டர்வியூ!"

"அதனால என்ன? அலம்பிண்டு கெளம்பு."

கிளம்பினேன். அதிகாரி என் மோவாயைப் பார்த்துவிட்டு, "பீமார் ஹை க்யா?" என்றார். நோயாளி என்று நினைத்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவின் ஆபீஸுக்குப் பெரிய மானேஜர் வருவதாக இருந்தது. விடிகாலையில் அப்பா என் ரேசரால் மழமழவென்று சிரைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையாச்சேப்பா?"

"ஆபீஸ் காரியம்டா. இதுக்கெல்லாம் தோஷம் பாக்கப்படாது."

அன்றிலிருந்து நான் ஒரு வெள்ளிக்கிழமைகூட ஷேவ் செய்யாமல் இருந்ததில்லை. அப்பா செத்ததும் வெள்ளிக்கிழமைதான். அன்றைக்கும் செய்தேன்.