என் மகள் போகாத பள்ளிக்கூடத்தில் அவள் பெயர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இதை எழுதி வைத்துப் படிக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் சத்தம் போட ஆரம்பித்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

என் பெயர் ஜெயராணி. பரவை மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம். எனக்கு ஒரே மகள், பெனிட்டா. போன வருஷம் அவள் ஒன்பதாவது படித்தாள். ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை ஓட்டப்பந்தயத்துக்குப் போனவள், ஓடாமலே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பி.டி. சார் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே மேஜையில் உட்கார்ந்திருந்தவர் பெனிட்டாவின் எமிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். நம் ஊரில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் கொடுக்கிற நம்பர் அது. பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று அதில் தெரியும். பார்த்துவிட்டு, "நீ இந்த ஸ்கூல் பிள்ளையே இல்லையே பாப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் பெயர் திருமங்கலம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. அந்த ஊர்ப் பக்கம் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனது கிடையாது.

மறுநாள் பள்ளிக்கூட ஆபீசில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர் தப்பு, சரியாகிவிடும் என்றார்கள். எனக்குச் சரியாகவில்லை. என் மகள் பெயர் அங்கே போய் என்ன செய்கிறது? யார் கொண்டுபோய் வைத்தது? இது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. திங்கட்கிழமை கடையைப் பக்கத்துக் கடை அக்காவிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

வாசலில் ஒரு வாட்ச்மேன். ஒன்பதாவது படிக்கிற என் மகளைப் பார்க்க வேண்டும் என்று பெயரைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சின்ன வயசு டீச்சரைக் கூட்டி வந்தார். அந்த டீச்சர் போனைத் திறந்து பார்த்தார்.

"பெனிட்டா தானே? வந்திருக்காளே. காலைல வருகை போட்டாச்சு."

"சரி டீச்சர். கொஞ்சம் கூப்பிடுங்க, பாத்துட்டுப் போறேன்."

டீச்சர் போனை மூடினார். வாட்ச்மேன்தான் பாவம், "பாத்ரூம் போயிருக்கும்மா, இருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரத்தில் என் மகள் மதுரையில் அறிவியல் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே தினமும் வந்ததாக ஒருத்தர் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்சில் அழுதேன். அதுவரை கோபம்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. அடுத்த வருஷம் பத்தாவது பரீட்சை. இவள் யாராக உட்கார்ந்து எழுதுவாள்?

கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா இருந்தார்கள். சௌராஷ்டிராக்காரர்கள். பக்கத்து சீட்டு ஆளோடு அவர்கள் பாஷையில் ஏதோ பேசிவிட்டு என்னைப் பார்த்து, "அங்கீகார ஆணையைப் பாத்துத்தான சேத்தீங்க?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எந்த வகுப்பு வரை பள்ளி நடத்தலாம், எந்தத் தேதி வரை என்று அரசாங்கம் கொடுக்கிற உத்தரவு. எங்கள் பள்ளிக்கு எத்தனாவது வரை என்று கேட்டேன். "அதை நீங்க ஸ்கூல்லதான் கேக்கணும். கேட்டா காட்டியே ஆகணும். காட்டலைனா எழுதிக் குடுங்க, நாங்க வாரோம்" என்றார்கள். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டுமென்றால் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்துதான் டிசி வர வேண்டும் என்பதையும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்ல வேண்டும். ஆறாவதில் பெனிட்டாவைச் சேர்க்கப் போனபோது பள்ளிக்காரர்கள் எங்களிடம் பாஸ்டர் கடிதம் கேட்டார்கள். எந்தச் சபை, ஒழுங்காகக் கூட்டத்துக்கு வருகிற குடும்பமா என்று பாஸ்டர் எழுதித் தர வேண்டும். எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா? கடிதம் கேட்கிற பள்ளி என்றால் தரமான பள்ளி என்று நினைத்தேன். காலை ஜெபம் உண்டா என்று நானும் கேட்டேன். தினமும் வசனம் படிக்கச் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர்கள் எங்களைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்தார்கள். நாங்கள் அவர்களிடம் ஒரு காகிதமும் கேட்கவில்லை. மார்க்கெட்டில் ஒரு பெட்டி தக்காளி வாங்கினால் அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். பிள்ளை விஷயத்தில் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளித் தாளாளரைப் போய்ப் பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். என்னைச் சகோதரி என்றார். டிசி வாங்கித் தருகிறேன், ஒரு கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். என் மகள் ஜூன் மாதத்திலிருந்து அந்தத் திருமங்கலம் பக்கத்துப் பள்ளியில் படித்து வருகிறாள், சொந்தக் காரணத்துக்காக விலகுகிறாள் என்று எழுதியிருந்தது. உத்தரவைக் காட்டுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் எலக்ட்ரீஷியன். அதிகம் பேச மாட்டார். கடிதத்தைப் படித்துவிட்டு, "போட்டுத் தொலைடி. நமக்குப் பிள்ளை படிப்புதான் முக்கியம்" என்றார். பெனிட்டா அதை வாங்கிப் படித்தாள். "நான் அங்க போனதே இல்லையேம்மா" என்றாள். அந்தக் காகிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டரிடம் போனேன். அவர் நல்லவர். ஆனால் அன்றைக்கு, பள்ளி நடத்தி ஊழியம் செய்கிறவருக்கு விரோதமாகப் பேச வேண்டாம், உன் வாயை அடக்க ஜெபம் பண்ணு என்றார். நம் சபைப் பிள்ளைகள் எட்டுப் பேர் அங்கே படித்தார்கள். எட்டுப் பேருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர்.

என் வாயை அடக்க நான் ஜெபம் பண்ணவில்லை. மறுநாள் மத்தியானம் மார்க்கெட் ஓய்ந்த நேரம். காலிப் பெட்டிகளுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். எனக்கு அழகாக ஜெபிக்க வராது. "ஆண்டவரே, கையெழுத்துப் போட்டா பிள்ளைக்கு டிசி கிடைக்கும், ஆனா அது பொய். போடலைனா பிள்ளை நடுத்தெருவுல நிக்கும். ரெண்டு பக்கமும் இடிக்குது. யாராவது ஒருத்தர் உண்மையச் சொல்லட்டும். நான் சொன்னா சண்டைம்பாங்க. வேற ஒருத்தர் வாயால சொல்ல வையும்." இதுதான் என் ஜெபம். நாலு நாள் இதையே கேட்டேன். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, ஒழுக்கம் பற்றித் தாளாளர் அரை மணி நேரம் பேசினார். முடித்ததும் நான் எழுந்தேன். தினமும் நூறு பேரோடு சத்தம் போடுகிறவள் நான், அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. நம்ம ஸ்கூலுக்கு எத்தனாவது வரைக்கும் அங்கீகாரம்?"

பின்னால் ஒருத்தர், "தக்காளிக்காரம்மா வந்துருச்சு, இனி ஏலம்தான்" என்றார். சிரித்தார்கள். தாளாளரும் சிரித்தார். இது கர்த்தர் நடத்துகிற பள்ளி, சந்தேகப்படுகிறவர்களுக்காக ஜெபிப்போம் என்று கண்ணை மூடினார். நிறையப் பேர் கூடவே கண்ணை மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை. அதனால் பார்த்தேன்.

சுவரோரம் டீச்சர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் எஸ்தர் டீச்சர் எழுந்து நின்றார்கள். கணக்கு டீச்சர். பத்து வருஷமாக அங்கே வேலை. பிள்ளைகளை அதட்டக்கூட மாட்டார்கள். ஜெபம் முடிகிற வரை நின்றுகொண்டே இருந்தார்கள். ஆமென் சொன்னதும் சொன்னார்கள்.

"எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் இல்லை. பிள்ளைங்க பேரு வேற ஸ்கூல்ல இருக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கூடமே எழுந்து நின்றது. ஏலம் என்று கேலி பண்ணினவர்தான் முதலில் மேடைக்குப் போனார். அவர் மகன் அப்போது பத்தாவது.

திங்கட்கிழமை நாங்கள் இருபதுக்கும் மேற்பட்ட பெற்றோர் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். விசாரணை வந்தது. பிள்ளைகள் தப்புச் செய்யவில்லை, அவர்கள் படிப்பு கெடக்கூடாது என்று அதிகாரியே சொன்னார். பத்தாவது பிள்ளைகளை முதலில் வேறு பள்ளிகளில் சேர்த்தார்கள். பிறகு ஒன்பதாவது. மூன்று வாரத்தில் பெனிட்டாவின் பெயர் அந்தத் திருமங்கலம் பக்கத்துப் பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்டது. நான் ஒரு பொய்க்கும் கையெழுத்துப் போடவில்லை. பசுமலையில் ஒரு பழைய பள்ளியில் இடம் கிடைத்தது. அதுவும் கிறிஸ்தவப் பள்ளிதான். அங்கேயும் காலை ஜெபம் உண்டு. நான் உத்தரவைக் கேட்டதும் தலைமையாசிரியை கோபப்படவில்லை. எழுந்து சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார்கள். தேதியை வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கொடுத்தார்கள்.

பாஸ்டர் ஒருநாள் மார்க்கெட்டுக்கே வந்தார். பெட்டிகளுக்கு நடுவில் நின்று, "நானும் கேக்கலம்மா. எழுதிக் குடுத்ததோட சரி" என்றார். அதைச் சொல்ல அவர் வந்ததே எனக்குப் போதும். இப்போது நம் சபையில் யார் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் என்னையும் கூட்டிப் போகச் சொல்கிறார். நானும் போகிறேன். எத்தனாவது வரை அங்கீகாரம், எந்தத் தேதி வரை, என் பிள்ளை பெயர் எந்தப் பள்ளிப் பதிவில் இருக்கும், டீச்சர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். நல்ல பள்ளிக்காரர்கள் உட்கார வைத்துப் பதில் சொல்கிறார்கள். சில இடத்தில் முகம் சுளிக்கிறார்கள். அங்கே நாங்கள் சேர்ப்பதில்லை. என் கோபம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் இப்போது முதலில் கேட்கிறேன். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

பெனிட்டா இப்போது பத்தாவது. பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலில் பெயர், பள்ளி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஆண்டவருக்கு நன்றி. நீங்களும் அவரிடம் கேளுங்கள். அலங்காரமாகக் கேட்க வேண்டியதில்லை. இடிக்கிற இடத்தை அப்படியே சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எஸ்தர் டீச்சரை அந்தத் திங்கட்கிழமையே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதுவரை நாலு பள்ளிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். எங்கேயும் கூப்பிடவில்லை. என் ஜெபத்துக்குப் பதிலாக வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பள்ளிக்கூடத்தில் பொறுப்பில் இருக்கிறவர்கள் சிலர் உண்டு. உங்களுக்கு ஒரு கணக்கு டீச்சர் தேவைப்பட்டால் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். நான் வாசலிலேயே நிற்பேன்.