ஏரியைத் தாண்டி வந்த கச்சேரி

கடத்தூர் பக்கம் ஒரு ஏரிக்கரையில் எங்கள் வீடு. போன வருஷம் எதிர்க்கரைக் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். கோயிலை ஒட்டிய வீடுகளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று ஸ்பீக்கர்களை ஏரிப் பக்கம் திருப்பியிருந்தார்கள். நடுவில் இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே என்று நானும் கவலைப்படவில்லை.

பொழுது சாய்ந்ததும் டிரம்ஸ் ஆரம்பித்தது. எங்கள் வாசலில் நின்று அடிப்பது போலிருந்தது. தலையீற்றுச் சினையாயிருந்த எங்கள் பசு மிரண்டு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓட, கயிறு கழுத்தை இறுக்கியது. கண் பிதுங்கியது. என்னைக் கிட்டே விடாமல் உதைத்தது. கச்சேரிக்குப் போயிருந்த கணவரோ போனை எடுக்கவேயில்லை.

ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் தண்ணீரோரம் ஓடிப்போய், "மாடு சாவுதுங்க, பாட்டை நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

அடுத்த பாட்டு வரவில்லை. பசு அடங்கி நின்றதும் கொடுவாளால் கயிற்றை அறுத்துவிட்டேன். அதற்குள் கணவரும் எதிர்க்கரையில் குடியிருக்கும் அவர் நண்பரும் பைக்கில் வந்து சேர்ந்தார்கள்.

"அவ்வளவு தூரம் எப்படிங்க கேட்டுச்சு?" என்றேன்.

நண்பர் தயங்கினார். "தண்ணி மேல எல்லாமே கேக்குமுங்க அண்ணி. நீங்க அண்ணனைத் திட்டுறதுகூட தெனமும் கேக்குது."

இப்போதெல்லாம் கச்சேரி என்றால் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் விசாரித்து, பசுவையும் கன்றையும் வீட்டுக்குப் பின்னால் கட்டிவிடுகிறேன். கணவரைத் திட்டுவது சமையலறைக் கதவைச் சாத்திய பிறகுதான்.