டீச்சருக்குப் போட்ட வேலி

ராஜாத்தி அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. புளியந்தோப்பில் பிறந்தவர். மாடு கட்ட இடமில்லாமல் கொடுங்கையூருக்குப் போனார். அங்கே குப்பையைத் தின்று ஒரு எருமை செத்த பிறகு மாத்தூருக்கு வந்தார். கணவர் இல்லை. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். விடிவதற்குள் நான்கு எருமைகளைக் கறந்து ஆறு டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவார். உட்கார்ந்தால் மறுபடி எழ மனசு வராது என்று நின்றபடியே டீ குடிப்பார்.

சாலையில் திரிந்த அவருடைய எருமைகளை மாநகராட்சியின் மாடு பிடிக்கும் வண்டி இரண்டு முறை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மூன்றாவது முறை பிடிபட்டால் திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். மூடிக்கிடந்த ஒரு குடோனின் பின்பக்கக் காலியிடத்தை அதன் உரிமையாளர் மேய்ச்சலுக்கு விட்டிருந்தார். அதைச் சுற்றி சோலார் மின்வேலி போடத்தான் நான் போனேன்.

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. மின்னியல் படித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று ஒரு சின்ன சோலார் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. மொட்டைமாடிகளில் பேனல் மாட்டியிருக்கிறேன். மாட்டுக்கு வேலி போடுவது அதுதான் முதல் முறை.

இரண்டு நாளில் கம்பம் நட்டு, இரண்டு வரிசை கம்பி இழுத்து, பேனலையும் பெட்டியையும் பொருத்தினேன். பெட்டி நொடிக்கு ஒருமுறை டக்கென்று சத்தம் போடும். அப்போது மட்டும் கம்பியில் மின்சாரம் பாயும். சுரீரென்று அடிக்கும், உயிரை எடுக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அன்று மதியம், வேலிக்குள் இருந்த குட்டையில் புரண்டு வெயிலில் காய்ந்த எருமைகள் கம்பியை நெஞ்சால் தள்ளி, இரண்டு கம்பங்களைச் சாய்த்துவிட்டுச் சாலைக்குப் போய்விட்டன. முன்னால் போனது டீச்சர். அது போகிற வழியில் மற்ற மூன்றும் வரிசையாகப் போகும் என்பதால் அந்தப் பெயர்.

கண்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடிக்க, அக்கா ஓடிப்போய் ஓட்டி வந்தார்.

“இன்னா இன்ஜினியரு, அது மேல சேறு சொக்கா மாறி காஞ்சி கீது. உன் கரெண்டு சொக்காவத்தான் தொட்டுச்சு. டீச்சருக்கு இன்னா தெரியும்?”

“மீட்டர்ல சரியாத்தான் காட்டுச்சுக்கா.”

“அப்ப அந்த மீட்டர உள்ள கட்டி மேய வுடு.”

வீட்டுக்குப் போய், பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். முதலில் மாட்டின் ஈரமான மூக்கு கம்பியில் பட வேண்டும், அதற்குப் பிடித்த தீனியைக் கம்பியில் வைக்க வேண்டும், ஒருமுறை பட்டால் மறக்காது என்று போட்டிருந்தது.

மறுநாள் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தி, கம்பியில் ஒரு தகரத் துண்டைக் கட்டி, வெல்லம் கலந்த புண்ணாக்கை அதில் அப்பிவிட்டு மின்சாரத்தைப் போட்டேன். டீச்சர் தூரத்திலேயே நின்றது. புது ஆள் வைத்ததை அது தொடாதாம்.

“நீங்க கூப்பிடணும்கா.”

அக்கா நகரவில்லை. “எங்கையால துன்னு வளந்தது நைனா. நானே கூப்ட்டு ஷாக்கு குடுக்கணுமா?”

“இல்லாங்காட்டி வண்டி வந்து ஏத்திகினு பூடும்கா.” கல்லூரியில் கஷ்டப்பட்டு மாற்றிக்கொண்ட பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அப்படிப் பேசினால் அவர் கேட்பார் என்று நினைத்தேனோ என்னவோ.

அக்கா கம்பிக்கு வெளியே போய் நின்றார். “டீச்சரே, வாடி.”

நேராக வந்து மூக்கை நீட்டியது. டக். அப்படியொரு கத்தலை நான் கேட்டதில்லை. துள்ளித் திரும்பி மூலைக்கு ஓடியது. மற்றவையும் பின்னால் ஓடின. அன்று மதியம் உடம்பெல்லாம் சேறோடு வந்தும் ஒன்றுகூடக் கம்பிப் பக்கம் போகவில்லை.

சாயங்காலக் கறவைக்கு அக்கா தவிட்டைக் கையில் அள்ளி நீட்டினார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தரையில் கொட்டிவிட்டு அவர் தள்ளி நின்ற பிறகுதான் தின்றது. பிறகு காம்பை நீவி நீவிப் பார்த்தார். பால் இறங்கவில்லை.

வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்க, தாளோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“எத்தினி நாள்ல மறக்கும் நைனா?”

மறக்கக் கூடாதென்றுதான் அதைச் செய்தோம்.

“ரெண்டு மூணு நாள்ல சரியா பூடும்கா.”

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரத்தோடு அடுத்த எருமையிடம் போய் உட்கார்ந்தார்.