லோஞ்சின் கழிவுத் தாங்கியை மாற்றிய மூன்று நாட்கள்

1. புதன்கிழமை

கிளிநொச்சியில் நீர்ப்பாசன இலாகா வேலைத்தளத்தில், இயந்திரம் பூட்டும் பிற்றராக நான் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். மாரிகாலம். இரணைமடுக் குளத்தின் இறங்குதுறையிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார்.

"உங்களை ஓவசியர் உடன வரட்டாம். லோஞ்ச் நாறுது."

என்ஜின் நாறுகிறதா, எண்ணெய் நாறுகிறதா என்று கேட்டேன்.

"வந்து மணந்து பாருங்கோ" என்றுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

மாரியில் குளம் நிரம்பினால் அக்கரை ஊர்களுக்குப் போகும் வண்டிப்பாதை தண்ணீருக்குள் போய்விடும். அந்த நாட்களில் அங்கே குடியேறியிருந்தவர்களுக்கு எங்கள் மோட்டர் படகான லோஞ்சை விட்டால் வேறு வழியில்லை. தபால், அரிசி மூட்டை, அளவைக்காரர் எல்லாம் அதில்தான் போகும். கிழமைக்கு இரண்டு தடவை அரசாங்க மருத்துவிச்சி அன்னபூரணமும் போவார். அவரை எல்லோரும் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

லோஞ்சில் லற்றின் என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்னக் கழிப்பறை இருந்தது. குளத்துத் தண்ணீரைச் சனங்கள் குடிக்கிறார்கள், அதில் எதுவும் விழக்கூடாது என்பதற்காகத் தளத்துக்குக் கீழே முப்பது கலன் இரும்புத் தாங்கி ஒன்றை வைத்திருந்தார்கள். கழிவு அதில் சேரும். கரைக்கு வந்த பிறகு கைப்பம்பியால் எடுத்து, குளக்கட்டுக்கு அப்பால் குழியில் கொட்டுவார்கள். ஒழுகியது அந்தத் தாங்கிதான். லோஞ்சின் அடிவயிறு முழுவதும் கழிவு பரவியிருந்தது.

எங்கள் வேலைகளை மேற்பார்க்கும் மகாலிங்கம் ஓவசியர், மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டையோடு, லேஞ்சியால் மூக்கைப் பொத்தியபடி துறையில் நின்றார். லோஞ்சை ஓட்டுகிற பேதுரு அண்ணை அவருக்குப் பின்னால் நின்றார்.

"லேசான வேலை தம்பி. பீங்கானைக் கழட்டு. குழாயை அடை. கதவுக்கு ரெண்டு ஆணி அடிச்சு விடு. லற்றின் இல்லாட்டி ஒருத்தரும் செத்துப்போக மாட்டினம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அரை மணி நேர வேலை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

"கழட்டினா நாளையிண்டைக்கு நான் ஏறமாட்டன்."

மிசி குடையோடு துறையில் வந்து நின்றார். மெலிந்த, கட்டையான மனுஷி. குரல் மட்டும் குளத்தின் மறுகரைக்குக் கேட்கும்.

ஓவசியர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "என்ன மிசி, கொஞ்ச நாளைக்குத்தானே..."

"நீங்கள் ஆம்பிளையள், எந்தக் கரையிலயும் இறங்கி நிண்டிட்டு வருவியள். நான் காலமை ஏழு மணிக்கு ஏறினா பொழுதுபடத்தான் இறங்கிறனான். சரி, என்னை விடுங்கோ. பிரசவ நோவெடுத்த பெண்பிள்ளையளை இதிலதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறன். ரெண்டு மணித்தியாலம். அதுகள் எங்க போறது? உங்களுக்கு முன்னால வாளியிலயோ?"

ஓவசியர் லேஞ்சியை மடித்தார். பேதுரு அண்ணை கயிற்றில் இல்லாத முடிச்சொன்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அக்கரையில சரசுவதிக்கு மாதம் நிறைஞ்சிட்டுது. ரெண்டு பிள்ளை மாதிரிக் கிடக்கு. வெள்ளிக்கிழமை அவளைக் கொண்டு வந்தே ஆகோணும்."

ஸ்பானர் என் கையில் பாரமாக இருந்தது. கழற்றச் சம்மதித்தவன் நானும்தானே. "வெள்ளிக்கிடையில புதுத் தாங்கி போட்டுத் தாறன், மிசி" என்று சொல்லிவிட்டேன். தாங்கியை அதுவரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

2. வாய் சிறிது, வயிறு பெரிது

தளப்பலகையில் ஆள் இறங்குவதற்கு ஒரு சதுர ஓட்டை உண்டு. ஹட்ச் என்போம். அளந்தேன். இருபது அங்குலம். இறங்கித் தாங்கியை அளந்தேன். மூன்றடி நீளம், இரண்டடி அகலம். தாங்கியை வைத்துவிட்டு அதன்மேல் தளத்தை அடித்திருக்கிறார்கள்! ஒட்டுப் போடலாமா என்று அடித்தகட்டில் உளியை வைத்துப் பார்த்தேன். அப்பளம் போல் நொறுங்கியது.

தளத்தை வெட்டலாமா என்று ஓவசியரைக் கேட்டேன்.

"பலகையில வாள் பட்டா நான் கொழும்புக்குக் கடிதம் எழுதோணும். பதில் வாறதுக்குள்ள மாரி முடிஞ்சு கோடையும் வந்திடும்."

அப்படியானால் தாங்கியைத்தான் துண்டு துண்டாக வெட்டி எடுக்கவேண்டும். துருப்பிடித்த மூட்டுகளைச் சுட்டு இளக்க, நெருப்புச் சீறும் புளோலாம்பை எடுத்து வந்தேன். பேதுரு அண்ணை பாய்ந்து என் கையைப் பிடித்தார். அவர் முன்பு கப்பலில் வேலை செய்தவர்.

"விசரே உனக்கு? அதுக்குள்ள நிக்கிற காஸ் பெற்றோல் மாதிரிப் பத்தும். லோஞ்சும் போகும், நாங்களும் போவம்."

எனவே நெருப்பில்லாமல், இரும்பறுக்கும் ஹக்சோ வாளும் உளியும்தான். அதற்கு முன் தாங்கியை வெறுமையாக்க வேண்டும். வழக்கமாக அதைச் செய்கிறவர்கள் திங்கட்கிழமைதான் வருவார்கள். நானும் பேதுரு அண்ணையும் மூக்கில் கற்பூரம் வைத்த துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். முதல் வாளி மேலே போகும்போது பேதுரு அண்ணை, "தம்பி, உன்ர கொம்மா பருத்தித்துறையில இருக்கிறது நல்லதாப் போச்சு. இதைக் கண்டா மனுசி உன்னைப் படலைக்குள்ளயும் விடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு இழுக்கவேண்டும். மூச்சு இழுத்தால் குமட்டும். குமட்டினால் அவர் சிரிப்பார். அன்று பின்னேரம் முழுவதும் இப்படியே போயிற்று.

சுண்ணாம்பாலும் பினைலாலும் மூன்று தடவை கழுவினோம். வியாழன் மத்தியானத்துக்குள் அந்தத் தாங்கி ஒன்பது துண்டாக வெளியே வந்தது.

இனிப் புதிது. ஹட்சுக்குள்ளால் இறங்கக்கூடியதாக ஒன்றல்ல, இரண்டு சின்னத் தாங்கிகள் வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். கடைவீதியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஹமீது நானாவிடம் ஓடினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார். பிறகு மிசி சொன்னதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ட பொஞ்சாதி மூத்தவனுக்கு நோவெடுத்து மாட்டுவண்டியில போனவ. வழிநெடுக அவ பட்ட பாடு எனக்குத் தெரியும், தம்பி."

கடைக்குப் பின்னால் அவரே போனார். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன நாகமுலாம் பூசிய இரும்புப் பீப்பா இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். குறுக்கே பதினாலு அங்குலம், நீளம் இரண்டரை அடி. அளவெடுத்துச் செய்தது போல் இருந்தன. உள்ளே சுடச்சுடத் தார் பூசினோம். சரித்து இறக்க இரண்டும் ஹட்சுக்குள்ளால் வழுக்கிக்கொண்டு போயின. கழிவு முதல் பீப்பாவில் விழும். அடியில் போட்ட குழாய் வழியாக இரண்டாவதற்குப் போகும். காற்று வெளியேறும் பிறீதர் குழாயை இரண்டாவது பீப்பாவில் பொருத்தினேன். மாலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. என் மேல் எனக்கே பெருமதிப்பு வந்துவிட்டது.

3. வெள்ளைக் காற்சட்டை

நல்ல தண்ணீர் விட்டுச் சோதனை பார்த்தோம். பேதுரு அண்ணை பீங்கானுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பியை அடித்தார். ஓவசியர் பீங்கானுக்கு மேலாகக் குனிந்து பார்த்து, "வடிவாப் போகுது, வடிவாப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அது போகவில்லை. உள்ளே 'குளுக்' என்றொரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் அவ்வளவு தண்ணீரும் மேலே சீறியது. ஓவசியரின் கண்ணாடி, மீசை, காற்சட்டை எல்லாம் நனைந்தன.

"நல்ல தண்ணி ஐயா! நல்ல தண்ணி!" என்று கத்தினேன்.

அவர் அசையாமல் நின்றார். துறையிலிருந்து முதலில் சிரித்தது மிசி. பிறகு பேதுரு அண்ணை. கடைசியில் ஓவசியரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ர மனுசிக்கு நல்ல தண்ணியெண்டு நீதான் வந்து சொல்லோணும்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கே பிழை என்று விளங்கவில்லை. மிசி ஏறி வந்து, நான் பூட்டியதை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். தன் பையிலிருந்து எனிமா கொடுக்கிற தகரப் பாத்திரத்தையும் அதன் றப்பர் குழாயையும் எடுத்தார்.

"இந்தக் குழாயில காத்து நிண்டா மருந்து இறங்காது. முதல் காத்தை விட்டிட்டுத்தான் நாங்கள் குடுக்கிறனாங்கள். உம்மட ரெண்டாவது பீப்பாவுக்குக் காத்துப் போக வழி கிடக்கு. முதல் பீப்பாவில நிக்கிற காத்து எங்கால போறது?"

எங்காலும் போக வழியில்லை. அடிக்குழாயைத் தண்ணீர் மூடியவுடன் மேலே நின்ற காற்று அடைபட்டு, வந்த வழியே தண்ணீரைத் திருப்பித் தள்ளியிருக்கிறது. பிற்றர் நான். பிழையைக் கண்டுபிடித்தது மருத்துவிச்சி.

வெள்ளி காலை ஆறு மணிக்கு இரண்டு பீப்பாக்களின் தலையையும் அரை அங்குலச் செப்புக் குழாயால் இணைத்தேன். மறுபடி தண்ணீர் விட்டோம். சத்தமே இல்லாமல் இறங்கியது. ஓவசியர் இந்தத் தடவை குளக்கட்டின் உச்சியில், குடையை விரித்துப் பிடித்தபடி நின்றுதான் பார்த்தார்.

4. அக்கரையிலிருந்து

ஏதும் ஒழுகுமோ என்ற பயத்தில் நானும் கூடவே போனேன். திரும்பி வரும்போது நல்ல மழை. சரசுவதி கபினுக்குள் படுத்திருந்தார். நோ தொடங்கிவிட்டது. பாதி வழிக்குள் மூன்று தடவை லற்றினுக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஏற்றும் பம்பியின் 'கடக் கடக்' சத்தத்தை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒழுகவில்லை. மணமும் இல்லை.

மூன்றாவது தடவை கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், முகமெல்லாம் வியர்வையோடு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்களோ இதைச் செய்தது?"

"ஓம் அக்கா."

"பெரிய புண்ணியம். ஆனா உள்ளுக்க ஒரு கொளுக்கி போட்டு விடுங்கோ. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கொண்டே இருக்க வேண்டிக் கிடக்கு."

எட்டு வருடமாக அந்த லோஞ்சை ஓட்டிய பேதுரு அண்ணைக்கு அது தெரியாது. ஓவசியருக்கும் தெரியாது. மூன்று நாள் அந்தக் கதவுக்குள்ளேயே கிடந்த எனக்கும் தெரியாது. மிசி தலையில் கையை வைத்தார். "எனக்குப் பழகிப்போச்சு, நானும் சொல்லேல்லை" என்றார். கரைக்கு வருவதற்குள் செப்புக் கம்பியை வளைத்து ஒரு கொளுக்கி செய்து பூட்டினேன். நாலாவது தடவை உள்ளே அது விழும் 'டிக்' சத்தம் கேட்டது. பேதுரு அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சனிக்கிழமை காலை மிசி வேலைத்தளத்து வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினார். "ஆணொண்டு, பெண்ணொண்டு! தாயும் சுகம்!" பட்டறையில் நின்ற அத்தனை பேரும் சம்மட்டியால் பட்டடையில் அடித்து ஆரவாரம் செய்தோம்.

அதன் பிறகு முப்பது வருடம் எத்தனையோ என்ஜின், எத்தனையோ பம்பி பூட்டியிருக்கிறேன். இப்போது வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தாங்கி செய்ய முதல் ஹட்சை அளந்து பாருங்கள். காற்றுக்கு வழி விடுங்கள். வேலை முடிந்தது என்று கை கழுவ முதல், அதைப் பாவிக்கப்போகிற ஆளிடம் போய், "இன்னும் என்ன குறை?" என்று கேளுங்கள். கட்டாயம் ஏதோ ஒன்று இருக்கும்.