அக்கா மூச்செடுக்கும் இடம்

எங்கள் பாடகர் குழுவில் இரண்டாம் குரலுக்கு இருந்தது அக்காவும் நானும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் முதல் குரல். மேலே ஏறிக் கத்துவதில் அவர்களுக்கு ஒரு பெருமை. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலம் வந்தால் எங்கள் கோவிலில் ஓர்கன் வாத்தியத்தை மூடிவிடுவோம். வெறும் வாயால்தான் பாட்டு, நான்கு ஞாயிறும் அதே பாட்டு. 'வாரும்' என்று ஆண்டவரைக் கூப்பிடும் ஒரு சொல்லை நாங்கள் இருவரும் அடியில் நீட்டிப் பிடித்திருக்க, மேலே மற்றவர்களின் குரல் ஏறி இறங்கும். அவ்வளவு நீளத்துக்கு ஒருத்தியின் மூச்சுக் காணாது. அக்கா மூச்செடுக்கும்போது நான் பிடிப்பேன், நான் எடுக்கும்போது அவள் பிடிப்பாள். கேட்பவர்களுக்கு ஒரே குரல்.

ஆவணியில் அக்கா போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளைப் பெட்டியில்தான் கொண்டுவந்தோம். அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆண்டவரை நான் கூப்பிடாத கூப்பாடா? வந்தாரா? அந்தக் கோபம் எனக்குத் தீரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. உடுப்புத் தோய்க்கும்போது வாய் தன்பாட்டில் அந்தப் பாட்டை முணுமுணுக்கும். மூச்செடுக்க நான் நிறுத்துவேன். ஆனால் காதுக்குப் பக்கத்தில் அக்காவின் குரல் நிறுத்தாமல் போய்க்கொண்டேயிருக்கும். பட்டப்பகல் வெயிலில் மயிர் கூச்செறியும். வாளியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றிருக்கிறேன்.

கோவிலில் மட்டும் அது வரவில்லை. திருவருகையின் முதல் ஞாயிறு, பழக்கதோஷத்தில் என் இடத்தில் மூச்செடுத்தேன். அடிக்குரல் அப்படியே அறுந்துபோனது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் எந்திரம் இரைவது கோவிலுக்குள் கேட்டது. பாடியவர்கள் தடுமாறிப் போனார்கள்.

பூசை முடிய, பாட்டு மாஸ்டர் வந்தார். "இரண்டாம் குரலை விடுவம், பிள்ளை. எல்லாரும் ஒண்டாப் பாடுவம்."

"உங்களுக்கென்ன விசரோ, மாஸ்டர்? அவளைப் புதைச்சது காணாதோ? அவளின்ர குரலையும் புதைக்கவோ?"

மனுசன் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். "வாற ஞாயிறு பாப்பம். திரும்பவும் அறுந்தா விடத்தான் வேணும்."

அன்று பின்னேரம் அத்தான் மீன் கொண்டுவந்தார். அக்காவின் புருஷன். சல்லி என்ற கரையோர ஊர்க்காரர், கடலும் அம்மன் கோயிலும்தான் அவருக்கு. ஆனாலும் அக்கா இருந்தவரை ஞாயிறு தவறாமல் எங்கள் கோவிலின் கடைசி வாங்குப் பலகையில் வந்து இருப்பார், பாட்டு முடிய அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக. செத்தவீட்டுக்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. மாஸ்டர் சொன்னதைச் சொல்லி அழுதேன். மீன் பையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"உங்களுக்கும் கேக்குதோ, மச்சாள்?"

"என்னது, அத்தான்?"

"குசினிக்குள்ள, அடுப்படியில. அவவின்ர சத்தம்."

"ஓம்" என்றேன். மீன் பையை என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு அந்த இடம் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், ஏலவில்லை. நிறுத்தினேன். குரல் அறுந்துபோகவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒரு ஆண்குரல், கரகரத்து, சுருதி எங்கேயோ போக, அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. சனம் திரும்பிப் பார்த்தது. அத்தான்! வாழ்நாளில் ஒரு பாட்டுப் பாடாத மனுசன். இத்தனை வருசம் குசினியில் அவள் பழகுவதைக் கேட்டுக் கேட்டே எல்லாம் பாடமாகியிருக்கிறது.

பிறகு அவர் மூச்செடுத்தார். சரியாக அக்கா எடுக்கும் இடத்தில்.

இனி நான் பிடிக்க வேண்டும். விட்டால் அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவர் தனித்துப் போவார். ஆண்டவரோடு கோபம் கோபம்தான். என்றாலும் வாயைத் திறந்து "வாரும்" என்று கூப்பிட்டேன். யாரைக் கூப்பிட்டேன், ஆண்டவரையா, அவளையா, எனக்கே தெரியாது. விடவில்லை. அத்தானின் குரல் திரும்ப வந்து சேரும்வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.